மாமியின் இடது கை

தாளம் ஒரு சுற்று முடிந்தால்தான் ஜெயலக்ஷ்மி மாமி கியர் மாற்றுவார். என்ஜின் என்ன கத்தினாலும் சரி, பின்னால் பஸ்காரர் என்ன ஹார்ன் அடித்தாலும் சரி. வலது கை ஸ்டியரிங்கில் இருக்கும். இடது கை தொடையில் தட்டி, விரல் எண்ணி, வீசி, அடுத்த சுற்றின் முதல் தட்டைக் கியர் தடியின் மேல் போடும்.

“செகண்டு போடும்மா! வண்டி அழுவுது!” என்று அலறுவார், ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வலியுல்லா பாய்.

“இருங்கோ பாய், இன்னும் ரெண்டு அட்சரம் இருக்கு.”

மாமி பாட்டு டீச்சர். வயது ஐம்பத்தாறு. மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ் வீடு. காலையில் மந்தைவெளி, மாலையில் அடையாறு, சனிக்கிழமை மேற்கு மாம்பலம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார். ஆட்டோவில் ஏறினால், டிரைவர் முணுமுணுக்கும் சினிமாப் பாட்டில் சுருதி திருத்துவார். பாதி வழியில் இறக்கிவிட்டவர்கள் உண்டு. சொந்தக் கார் யோசனை அப்படித்தான் வந்தது. லைசென்ஸ் டெஸ்டில் மூன்று முறை தோற்று, நான்காவதில் தேறினார். அந்த லைசென்ஸ் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன வாரம் நந்தனத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். பாய் நிபுணர், நான் வேடிக்கை, மாமியின் கணவர் வேதாந்தம் மாமா எதிர்க்கட்சி. ஒரே சிவப்புக் கார் இரண்டு விதமாக நின்றது. ஒன்றில் கியர் உண்டு. மற்றதில் அது தானாக மாறிக்கொள்ளும்.

“கியர் இல்லாத வண்டி வாங்கினா, ஜெயாவுக்குக் கியர் வரலைன்னுதான் ஊர் பேசும்” என்றார் மாமா.

மாமியின் முகம் சுருங்கிப்போயிற்று. மூன்று காலத்திலும், ஒன்றுக்கொன்று இரட்டை வேகத்தில், வர்ணம் பாடிக் காட்டாத பிள்ளைக்குக் கீர்த்தனையே ஆரம்பிக்காதவர் அவர். “எனக்கும் அதான் உறுத்தறது. கஷ்டமான எடத்த விட்டுட்டுப் பாடற மாதிரின்னா இருக்கு?” என்றார்.

முதலில் கியர் வண்டியை ஓட்டினார். ஜெமினி மேம்பாலத்தின் ஏற்றத்தில் அது இரண்டு முறை நின்றுபோய், மூன்றாம் முறை பின்னால் உருண்டது. பாய் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டார். நான் கபாலியைக் கூப்பிட்டேன். ஷோரூமுக்குத் திரும்பி இறங்கியதும் மாமி, அங்கிருந்த விற்பனைப் பெண் சிந்துவிடம் ரோஷமாகச் சொன்னார்: “கியர் வண்டின்னே எழுதிக்கோம்மா.”

“இதையும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மேடம். ஓட்டினா வாங்கணும்னு இல்லையே” என்றாள் சிந்து. புடவைக் கடையில் பிரித்துக் காட்டுகிற அதே தந்திரம்தான். மாமி ஏறினார். நாங்களும் விதியே என்று ஏறினோம். பாய் தடியை ஒரு தடவை இழுத்து வைக்கச் சொன்னார். அவ்வளவுதான், வண்டி வெண்ணெயாக நகர்ந்தது.

தேனாம்பேட்டை வரும்வரை நகர்ந்தது. அங்கே மாமியின் இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய், பிரேக்கை ஓங்கி மிதித்தது. பின் சீட்டிலிருந்த மாமாவின் மூக்குக் கண்ணாடி பறந்துபோய்ப் பாய் மடியில் விழுந்தது.

“எடது காலுக்கு இங்க வேலயே இல்லம்மா! அத்த எங்கனா மடிச்சி வெச்சிக்கோ!”

பாய் ஒரு பேச்சுக்குச் சொன்னார். மாமி நிஜமாகவே இடது காலை மடித்து சீட்டின் மேல் வைத்து, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாட்டு வகுப்புக்கு உட்காருகிற மாதிரி பாதிச் சம்மணம் போட்டுவிட்டார். சும்மா இருந்த இடது கை தொடையில் விழுந்தது. வர்ணம் கிளம்பியது. மேம்பாலத்தில் முதல் காலத்தில் ஏறி, இரண்டாம் காலத்தில் இறங்கினோம். மூன்றாம் காலத்தில் பாயே “ஆஹா!” என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தனை சந்தோஷமான ஒரு முகத்தைக் கார்க் கண்ணாடியில் நான் பார்த்ததில்லை.

“ஊர் பேசும் ஜெயா” என்று மாமா மறுபடி ஆரம்பித்தார்.

“பேசட்டும். நான் பாடிண்டு இருக்கேன்.”

நந்தனம் வந்தது. ஷோரூம் வாசலில் சிந்து இரண்டு விண்ணப்பங்களோடு காத்திருந்தாள். “லெஃப்ட், லெஃப்ட்!” என்று மாமா தோளைத் தட்டினார். மாமி இடது கையை உயர்த்தி சிந்துவுக்கு உற்சாகமாக ஆட்டிக் காட்டிவிட்டு, அடையாறு வகுப்புக்கு நேரமாயிற்று என்று எங்களோடு அந்த ஷோரூம் வண்டியிலேயே நேராகப் போய்விட்டார்.