தாளில் இல்லாத கறை

2006 தீபாவளி சீசன். திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற சின்ன அச்சகம் என்னுடையது. ஒருநாள் காலை தாளை எடுத்துப் பார்த்தால் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு கறை. மெஷின்மேன் முருகனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, ரோலரைக் கழுவு."

கழுவினான். கறை போகவில்லை. திரும்பவும் கழுவச் சொன்னேன். "மொதலாளி, எனக்குக் கறை ஒண்ணும் தெரியலையே" என்றான். கோபத்தில் முகத்தைத் திருப்பினேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலும் அதே கறை. அது எங்கள் போட்டி அச்சகத்தில் அடித்தது. இடது கண்ணை மூடினேன், கறை அப்படியே இருந்தது. வலது கண்ணை மூடினேன், காணோம். கறை தாளில் இல்லை, என் வலது கண்ணில்தான் இருந்தது.

மதுரையில் கண் டாக்டர் பார்த்தார். வலது விழித்திரையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்து, ரத்தம் கசிந்திருக்கிறதாம். "ஏன் அடைச்சதுன்னு ரத்தத்துலதான் தேடணும் பாய்" என்றார். பிரஷர் சரி, சர்க்கரை சரி, கொழுப்பும் சரி. நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார், ஹோமோசிஸ்டீன். அது என் ரத்தத்தில் அதிகமாக இருந்தது.

"இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இது கூடுதலா இருந்தா குழாய் அடைக்கிற வாய்ப்பும் கூடும். அடுத்த கண்ணையும் கவனிக்கணும். அதைக் குறைக்க வைட்டமின் மாத்திரை தர்றேன், விடாமப் போடுங்க."

அடுத்த கண். பஸ்ஸில் வரும்போது அது ஒன்றுதான் மனசில் ஓடியது. நிறம் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அதுவரை அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆ எல்லாம் ஆர்டர் வரணும், மழை வரக்கூடாது என்பதுதான். அன்று அந்தியில் மஃரிப் தொழுகையில், நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்து அழுதேன். யா அல்லாஹ், பார்வையைப் பறித்துவிடாதே என்று கேட்டேன்.

என் மனைவி பாத்திமா பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன கேட்டீக?"

"ரெண்டு கண்ணையும் கேட்டேன்."

"மாத்திரையை மறக்காமப் போடுற புத்தியையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

மறுநாள் அதையும் கேட்டேன். வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். வைட்டமின் மாத்திரையை விடாமல் போட்டேன். ஒவ்வொரு தடவை டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும்போதும் பயந்தேன், துஆ செய்தேன். ஹோமோசிஸ்டீன் அளவு மெல்ல மெல்ல இறங்கியது. கசிந்த ரத்தமும் வற்றியது. இடது கண்ணுக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தக் கறை எனக்கு வந்த சோதனை என்று அழுதேன். அது வந்திருக்காவிட்டால் என் ரத்தத்தை யார் பார்த்திருப்பார்கள்? நான் கேட்பதற்கு முன்பே அல்லாஹ் கொடுக்கத் தொடங்கிவிட்டான். சகோதரர்களே, அவனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் போய் டெஸ்டுக்கு ரத்தமும் கொடுங்கள்.

இப்போதும் வருஷா வருஷம் அந்தப் போட்டி அச்சகத்தின் காலண்டரை வாங்கித்தான் மாட்டுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். தினமும் விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்து, ஒரு கண்ணை மூடித் தேதியைப் படிப்பேன், பிறகு மறு கண்ணை மூடிப் படிப்பேன். இன்று காலையும் இரண்டிலும் படித்தேன். அச்சு சுத்தமாக இருந்தது.