அப்பா சுவரைப் பார்த்து நின்ற ஆட்டம்

பாஸ்கெட்பால் கிளப்பில் சேரப் போகிறீர்களா? ஷூ, தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாம் கடையில் கிடைக்கும். அதையெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவர்களை மைதானத்தில் எங்கே உட்கார வைப்பது என்று முதலில் யோசித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் யாரும் அதை யோசிக்கவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. திருவிடந்தைக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போவார். அம்மா கரையில் மீனை ஏலம் எடுத்து, கோவளத்துக்குக் கொண்டுபோய் விற்பாள். வயதுக்கு மீறிய உயரம் எனக்கு. பள்ளி விளையாட்டு விழாவில் அதைப் பார்த்துவிட்டு, மாமல்லபுரத்தில் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் கிளப் நடத்திய ஒரு மேடம் என்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். அப்பா உடனே தலையாட்டினார். அம்மா மட்டும் மூன்று கேள்வி கேட்டாள். எத்தனை மணிக்கு வுடுவீங்க? யாரு கூட்டியாறது? வுழுந்தா யாரு பாப்பாங்க? மேடம் மூன்றுக்கும் நல்ல பதிலாகச் சொன்னார். நான் சேர்ந்துவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் அப்பா என்னைப் படகில் கூட்டிப் போவார். வலை இறங்கும்போது கயிறு விர்ரென்று ஓடும். அதில் கை மாட்டினால் கையோடு போய்விடும். அதனால் படகில் அப்பாவுக்கு மூன்றே வார்த்தைகள்தான். 'புடி' என்றால் பிடிக்க வேண்டும். 'விடு' என்றால் அந்த நொடியே கை திறக்க வேண்டும். 'குனி' என்றால் தலை கீழே போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சித்தப்பா ஒருமுறை "இன்னாத்துக்கு?" என்று கேட்டார். அவருக்கு இடது கையில் இன்றைக்கும் நாலு விரல்தான்.

எனக்குக் காதில் விழுவதும் கை செய்வதும் ஒன்றாகவே நடக்கும். நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. அப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை.

என் முதல் ஆட்டம் மாமல்லபுரத்தில், கிளப்பின் சிமெண்ட் தரையிலேயே நடந்தது. அப்பா எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தார். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என் கூட்டாளி எனக்குப் பந்தை எறிந்தான். அருமையான பாஸ். நேராக என் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"குனி!" என்றார் அப்பா.

குனிந்தேன். பந்து என் தலைக்கு மேலே போய், ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மடியில் உட்கார்ந்தது.

அடுத்த முறை பந்து என் கையில் இருந்தது. எதிர் டீம் பையன்கள் இரண்டு பேர் என்மேல் பாய்ந்து வந்தார்கள். "விடு!" என்று குரல் வந்தது. என் கை திறந்தது. பந்து என் கால்மேலேயே விழுந்து, அவர்களிடம் உருண்டு போனது. இப்படி நான்கு முறை. எங்கள் டீம் தோற்றது.

"இன்னா மச்சான், பந்து சுட்டுச்சா?" என்று கூட்டாளி கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த பயிற்சி நாளில் மேடம் எல்லா வீட்டாரையும் வரச் சொல்லி, சிமெண்ட் தரையிலேயே உட்கார வைத்தார். ஆட்டத்துக்கு முன்னால் வயிறு முட்டச் சோறு போட்டு அனுப்பாதீர்கள் என்றார். பிள்ளை விழுந்தால் நான் கூப்பிடும்வரை உள்ளே ஓடி வராதீர்கள் என்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கை தட்டுங்க. பேரு சொல்லிக் கூப்பிடுங்க. இதச் செய், அதச் செய்னு மட்டும் சொல்லாதீங்க. புள்ளைக்கு இருக்கறது ரெண்டு காது. ஒண்ணு எனக்கு வேணும், இன்னொண்ணு கூட ஆடறவனுக்கு வேணும்."

மேடம்தான் யாரையும் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் என் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்தார்.

"மேடம், கடல்ல நான் கத்தலன்னா இவனுக்குக் கையே இருக்காது."

"தெரியும்ணா. ஆனா இங்க நீங்க கத்துனா, இருக்கற கைய இவன் யூஸ் பண்ண மாட்டேங்கறான்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த ஆட்டம் செங்கல்பட்டில். அதிலும் நான் வெளியிலிருந்து வரும் குரலைக் கேட்டு ஆடினால், என்னை உட்கார வைத்துவிட்டு வேறு பையனை இறக்கிவிடுவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "உன் தொண்டைய கடலோட வெச்சுக்கோயா. அங்க வந்து வாயத் தொறந்தே, நானே உன்ன பஸ் ஏத்தி வுட்ருவேன்."

"நான் வரவே இல்ல. போதுமா?" என்றார் அப்பா.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கஷ்டமாகவும் இருந்தது. ஆனால் ஆட்டம் நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றது அப்பாதான். வலையில் வஞ்சிர மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்த வாரம் அது. மற்ற படகுகள் எல்லாம் விடியும் முன்பே போய்விட்டிருந்தன.

அம்மா ஒரு பெரிய பொட்டலம் வறுத்த வேர்க்கடலையை அவர் கையில் கொடுத்தாள். "கத்தணும்னு தோணுச்சுன்னா ஒரு கை அள்ளிப் போட்டுக்கோ."

மாமல்லபுரத்தில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வந்தபோது அம்மா பொட்டலத்தைப் பார்த்தாள். "இன்னாயா, ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கல, பாதி காலி கீது?"

"பஸ்ஸுலயே கத்தணும் போல கீதுடி" என்றார் அப்பா.

ஆட்டம் தொடங்கியது. ஒருமுறை பந்து வெளியே போனபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்பாவின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. ஒரு சத்தமும் இல்லை. முகத்துக்கு நேராக வந்த பந்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிடித்தேன். உள்ளங்கை எரிந்தது. அப்படி ஒரு சந்தோஷமான எரிச்சல் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

இடைவேளைக்குள் வேர்க்கடலை தீர்ந்துவிட்டது. எனக்கு அது தெரியாது.

கடைசி நிமிடம். இரண்டு டீமும் சமம். பந்து என் கையில். முன்பு போலவே இரண்டு பேர் என்மேல் வந்தார்கள். கை எதற்கோ காத்திருந்தது. காது 'விடு'வைத் தேடியது. வரவில்லை. என்னால் முடியவில்லை, அப்பா இருந்த பக்கம் பார்த்துவிட்டேன்.

அங்கே அவருடைய முதுகுதான் இருந்தது. மைதானத்துச் சுற்றுச்சுவருக்கு ஒரு முழத் தூரத்தில், சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கழுத்துத் துண்டின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மச்சான்! இங்க! இங்கடா!"

கூட்டாளியின் குரல். அவன் வளையத்துக்குக் கீழே தனியாக நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டானோ. எறிந்தேன். அவன் குதித்துப் போட்டான். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது.

அப்பாவைக் கத்தக் கூடாது என்று மிரட்டிய என் அம்மா போட்ட சத்தத்தில் விசில் யாருக்கும் கேட்கவில்லை. மேடம்கூடச் சிரித்துவிட்டார். அம்மா போய் முதுகில் தட்டிய பிறகுதான் அப்பா திரும்பினார்.

"முட்ஞ்சிடுச்சா? இன்னாச்சி?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "நீ பாக்கலியாப்பா?"

"கேட்டுகினுதான் இருந்தேன்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"ஜெயிச்சுட்டு வந்துட்டு இன்னாடா மூஞ்சி?" என்றாள் அம்மா.

"சுவத்தப் பாக்கறதுக்கு எதுக்கு செங்கல்பட்டு வரணும்? வூட்டுல சுவுரு இல்லியா?"

அப்பா பஸ்ஸே அதிரச் சிரித்தார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு காலிப் பொட்டலத்தை உதறி, தேறிய நாலு கடலையை என் கையில் வைத்து, "சரி, மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். நான் வேண்டா வெறுப்பாக ஆரம்பித்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியபோது எழுந்து நின்று கையை வீசிக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்பா "அப்பறம்?" "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாமல்லபுரத்தில் இறங்கும்வரை நான்தான் பேசினேன்.

ஆனாலும் மனத்தாங்கல் போகவில்லை. எங்கப்பாக்கு பாஸ்கெட்பால் புடிக்காது என்று குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறமும் அவர் என் ஆட்டங்களுக்கு வந்தார். போன இடத்திலெல்லாம் ஒரு சுவரைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

இப்போது நாங்கள் செங்கல்பட்டில் இருக்கிறோம். போன மாதம் என் மகள் ஒரு கிளப்பில் சேர்ந்தாள். ஓரத்தில் நின்று பிள்ளைகளுக்கு எதுவும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இதென்ன பெரிய விஷயம் என்று போட்டுக் கொடுத்தேன். அவளுடைய முதல் ஆட்டத்தில் பந்து நேராக அவள் முகத்துக்கு வந்தது. அந்த வார்த்தை என் தொண்டைவரை வந்துவிட்டது. கையில் வேர்க்கடலைகூட இல்லை. எழுந்தேன், திரும்பினேன். எதிரே வெள்ளையடித்த சுவர். பின்னால் பந்து தட்டுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அப்படியே நின்றேன்.

மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நான் புடிச்சத பாத்தியாப்பா?"

"கேட்டேன்மா" என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "சரி, மொதல்லேர்ந்து சொல்லு" என்றுதான் கேட்டேன். சொன்னாலும் அவளுக்கு இப்போது புரியாது. பதினொரு வயதில் எனக்கும் ஒரு முதுகுதான் தெரிந்தது. அது எனக்காகத் திரும்பி நின்ற முதுகு என்று தெரியவில்லை.