சிவப்புத் துணி கட்டிய கார்

எங்கள் கார் வேகத்தடையைத் தாண்ட வேண்டுமென்றால் நான் இறங்கியாக வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலைக்குப் போவதற்குள் வேகத்தடைக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றிலும் நான் இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நடப்பேன். என் வீட்டுக்காரர் வண்டியைக் கோணலாகத் திருப்பி, முதலில் ஒரு சக்கரம், அப்புறம் இன்னொன்று என்று ஏற்றுவார். அடிவயிறு உரசாமல் தாண்டிவிட்டால் முகமெல்லாம் சிரிப்பு. உரசிவிட்டால் என்னை முறைப்பார், நான் சரியாக நடக்கவில்லை என்பதுபோல. முனையில் மீன் விற்கிற அக்கா ஒருநாள் கேட்டே விட்டார்.

"இன்னாம்மா, காரு வாங்கினப்புறமும் நடந்துகினே கீற?"

வாங்கும்போது அது நல்ல கார்தான். பழையது, வெள்ளை நிறம், குடும்பத்தோடு போய்வர ஏற்றது. ஆனால் என் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஒரு பொருள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அவருக்குப் பொறுக்காது. எங்கள் வீட்டு மிக்ஸி, தையல் மிஷின், தண்ணீர் மோட்டார் எல்லாமே ஒருமுறையாவது பிரிந்து கிடந்தவைதான். கார் வந்ததும் அவற்றுக்கு விடுதலை கிடைத்தது. முதலில் சக்கரங்கள் மாறின. அடுத்து சைலன்சர். அன்றிலிருந்து அவர் ஷிப்டு முடிந்து வருவது தெருமுனைக்கு முன்பே கேட்டுவிடும். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவேன். அந்த மட்டில் பிரயோஜனம்தான். அப்புறம் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினார். கடைசியில் வெள்ளையும் போய், பளபளப்பே இல்லாத ஒரு கறுப்பு வந்தது. அந்தக் கறுப்பைத் தேர்ந்தெடுக்க அவர் யோசித்ததில் பாதிகூட என்னைப் பெண் பார்க்க வந்தபோது யோசிக்கவில்லை. அசல் தார் ரோட்டின் நிறம். தெருவில் நிறுத்தினால், ரோடு அந்த இடத்தில் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருடைய கால்களோடுதான் குடும்பம் நடத்தினேன். மற்றதெல்லாம் காருக்கு அடியில் இருக்கும். இதற்குச் செலவழிக்கிற நேரத்துக்கும் காசுக்கும் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று அந்தக் கால்களிடம் கேட்பேன். கால்கள் பதில் சொல்லாது. டீ வந்தால் மட்டும் அசையும்.

ஆனால் இத்தனையும் யாருக்காக என்று எனக்குத் தெரியும். என் மாமனார் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் அவர் பக்கத்தில் அந்த உயரமான சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்த்தவர் என் வீட்டுக்காரர். இப்போது அப்பாவைத் தன் வண்டியில் முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. மாமனாருக்கு இடுப்பு வலி என்பதால் முன் சீட்டையே தனியாகத் தைத்துப் போட்டார். அந்த சீட்டில் எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்துவிட்டது. மாமனார் மட்டும் உட்காரவில்லை. இன்றைக்கு அஷ்டமி என்பார். இப்பதான் சாப்பிட்டேன் என்பார். ஆஸ்பத்திரிக்குக்கூட ஷேர் ஆட்டோவில், நாலு பேருக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டுதான் போனார். காரைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்ற என் வீட்டுக்காரர், ஆட்டோ தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. மாமனார் மேல் கோபம்கூட வந்தது.

ஒரு மத்தியானம் அவரிடம் கேட்டே விட்டேன். "ஏன் மாமா, அவரு அவ்ளோ ஆசையா கூப்புடுறாரு. ஒரு தபா ஏறி உக்காந்தாத்தான் இன்னா?"

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "சொன்னா அவன் மண்டையில ஏறாதும்மா. காட்டத்தான் வேணும்."

அடுத்த ஞாயிறு அவரே மகனைக் கூப்பிட்டு, காரை எடுத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டுக்கு வரச்சொன்னார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டைத் தட்டினார், கண்ணாடியைத் துடைத்தார். நானும் காரில் ஏறிக்கொண்டேன். மாமனார் மட்டும் ஆட்டோவில் ஏறி, முன்னால் போங்க என்று கை காட்டினார்.

துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் அங்கே வரிசையாக நின்றன. அதில் ஒன்று மாமனாருடைய பழைய தோஸ்துடையது. மாமனார் மகனை அந்த டிரெய்லரின் டிரைவர் சீட்டில் ஏறி உட்காரச்சொன்னார். உன் வண்டியை என் தோஸ்து எடுத்துக்கொண்டு வருவான், மேலேயிருந்து பார் என்றார். எல்லா டிரெய்லர்களும் எஞ்சினை ஓடவிட்டு நின்றதால் எங்கள் சைலன்சரின் பெருமை அங்கே எடுபடவில்லை. தோஸ்து எங்கள் காரைப் பின்னாலிருந்து மெதுவாக ஓட்டி வந்து, டிரெய்லரின் மூக்குக்கு இடது பக்கம் ஒட்டினாற்போல் நிறுத்தினார். நான் பின் சீட்டில் இருந்தேன். ஜன்னலில் அந்த வண்டியின் பம்பர் மட்டும்தான் தெரிந்தது. வானம் இல்லை. பக்கத்தில் இருந்த சக்கரம் என் தலைக்குச் சமமாக இருந்தது.

சிறிது நேரத்தில் என் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான்.

"இன்னா, இன்னும் கெளம்பலியா? எங்க கீற?"

"உங்க மூக்குக்குக் கீழதாங்க கீறேன்."

"வெளாடாத. ரோடு காலியா கீது."

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். தெரியவில்லை என்றார். இறங்கி நின்று, எம்பிக் கையை உயர்த்தினேன். அவருக்கு என் விரல்கள் மட்டும் தெரிந்தனவாம்.

கீழே இறங்கி வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில் அவர் என் கையைப் பிடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மாமனார் காரின் கூரையைத் தடவிப் பார்த்தார்.

"நான் ஓட்டுன வரைக்கும் தெனம் பயந்தது இதுக்குத்தான்டா. வெள்ளையா, கொஞ்சம் ஒசரமா இருந்தா கூரையாவது கண்ணுல படும். நீ தெனம் இதுல வேலைக்குப் போறியே, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு சோறு எறங்குதுன்னு நெனச்சியா?"

மறுவாரம் கால்கள் மறுபடியும் காருக்கு அடியில் போயின. பழைய ஸ்பிரிங் திரும்பி வந்து, வண்டி பழைய உயரத்துக்கு ஏறியது. நிறத்தைத்தான் உடனே மாற்ற முடியவில்லை. மாமனார் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கம்பித் துண்டும் சிவப்புத் துணியும் வாங்கி வந்தார். லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளின் நுனியில் கட்டுவார்களே, அதே துணி. கம்பியைக் காரின் கூரையோரம் நிறுத்தி முடுக்கும்படி மகனிடம் சொல்லி, துணியைத் தன் கையாலேயே கட்டினார். அத்தனை யோசித்துத் தேர்ந்தெடுத்த கறுப்பின் மேல் அது படபடவென்று ஆடியதைப் பார்த்த என் வீட்டுக்காரரின் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனாலும் கம்பியை இன்னொரு முறை இறுக்கிவிட்டார்.

துணியைக் கட்டி முடித்த மாமனார், முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

முதல் வேகத்தடை வந்ததும் பழக்கதோஷத்தில் நான் கதவில் கை வைத்தேன். வண்டி அதற்குள் தாண்டிவிட்டது. எண்ணூர் ரோட்டில் ஒவ்வொரு டிரெய்லர் பக்கத்தில் வரும்போதும் மாமனார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மேலே பார்த்தார். மேலேயிருந்து ஒரு கை பதிலுக்கு அசையும்வரை மகனைத் தாண்டவிடவில்லை. ஓரிடத்தில் வண்டிகள் நின்றபோது, மேலேயிருந்து ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, யார் வண்டி நைனா என்று கேட்டார்.

"எம் புள்ள வண்டி. எல்லாம் அவன் கைவேல," என்றார் மாமனார். "அங்கிருந்து பாத்தா தெரியுதா?"

"சோக்கா தெரியுது."

என் வீட்டுக்காரர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்தும் வண்டியை எடுக்க மறந்துவிட்டார்.