ராகு காலத்தின் மேல் போட்ட பழி

திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். தவமிருந்து பெற்ற வரம்போல அதை டீ கொண்டு வருகிறவரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருப்பேன். இன்னொரு பெருமையும் உண்டு. ராகு காலம், எமகண்டம் பார்க்கிறவர்களைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை, நிலக்கோட்டைப் பக்கமிருந்து மல்லிகை விவசாயி ஒருவர் மகளின் பத்திரிகைக்காக வந்தார். மாப்பிள்ளை வீட்டாரே வடிவமைத்து பென்டிரைவில் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டதால் அவர் வந்து சேரும்போதே மணி பத்து.

"பத்தரைக்கு ராகு காலம் தம்பி. அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் குடுங்க, கொலசாமிக்கு வைக்கணும்" என்றார்.

கோப்பைத் திறந்தால் மணமகள் பெயர் மணமகன் பெயர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அது வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பில் செய்தது, என்னிடம் இருந்தது பழசு. மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் லினக்ஸின் சொந்தக் கிட்டங்கியில் நன்றாகச் சோதித்துப் பார்த்த பழைய பதிப்புதான் கிடைக்கும். புதுசு வேண்டுமென்றால் தனி ஃபோல்டரில் இறக்கி, பழசைத் தொடாமல் பக்கத்திலேயே ஓட்டிக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. நானே நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் எதிரே ஒருவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவ்வளவு அடக்கமாக வேலை செய்ய எனக்கு மனசு வரவில்லை. பழசையும் அதற்குத் துணையாக இருந்த இன்னொரு மென்பொருளையும் வேரோடு நீக்கக் கட்டளை கொடுத்தேன். இன்னின்னவையும் சேர்ந்து போகும், சம்மதமா என்று திரை நிறையப் பட்டியல் போட்டுக் கேட்டது. அதையெல்லாம் படித்தால் நான் எப்படி நிபுணன்? சம்மதம் என்று தட்டினேன்.

அந்தத் துணை மென்பொருளை நம்பித்தான் மொத்தத் திரையும் இருந்திருக்கிறது. ஐகான், மெனு எல்லாம் போய், கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கியது.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டியிருந்தது.

"ராகு காலம் பொறந்துருச்சுல்ல?"

தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. "ஆமாண்ணே, அதான்" என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

அவரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மறுபடி நிறுவி, புதுசைத் தனி ஃபோல்டரில் போட்டேன். கோப்பு ஒழுங்காகத் திறந்தது.

மறுநாள் வந்தவர், முந்தின நாள் என் கடையிலிருந்து நேரே துர்க்கை சன்னதிக்குப் போய், எலுமிச்சை விளக்கு ஏற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினாராம். மடியிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு வைத்தார். முதல் பத்திரிகையைக் கையில் வாங்கிய பிறகும் கிளம்பாமல் நின்றார்.

"பஸ்ஸ விட்டுட்டு நேரங்கெட்டு வந்தது நாந்தான். எம் மகளுக்கு ஒண்ணும் வராதுல்ல தம்பி?"

"பரிகாரந்தான் பண்ணிட்டீங்கள்ல. ஒண்ணும் வராதுண்ணே" என்றேன் நான்.