ஷூகனின் கணப்புக்கூடை

பாவ் ஷூகனால் கணப்பைக் கிளறாமல் இருக்க முடியாது. குளிர் வந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோர் கையிலும் ஒரு மூங்கில் கூடை இருக்கும். உள்ளே மண்சட்டி, சட்டியில் சாம்பல் மூடிய கங்கு. சாம்பலைத் தொடாமல் விட்டால் காலையில் போட்ட கங்கு இருட்டும்வரை தாங்கும். ஷூகன் விடமாட்டார். வாணலியில் தோஃபுவைத் திருப்பிப் போடுவார், குனிந்து இரும்புக் குச்சியால் ஒரு கிண்டு கிண்டுவார், மறுபடி தோஃபு. மதியத்துக்குள் கூடை அணைந்துவிடும். பக்கத்துக் கடையில் ரொட்டி சுடும் என் அடுப்பிலிருந்து ஒரு கரண்டி கங்கு வாங்கிப் போவார். நாங்கள் பாலத்தடியில் கடை வைத்திருக்கும் இத்தனை வருடமும் இதே கதைதான்.

அவர் விற்பது பஞ்சு பூத்த தோஃபு. சோயாக்கட்டியை வைக்கோலில் அடுக்கி, வெள்ளை ரோமம் முளைக்கும்வரை காத்திருந்து, எண்ணெயில் பொரித்து, மிளகாய் விழுது தடவித் தருவார். பேச்சு குறைவு. மனைவி இறந்தபின் இன்னும் குறைந்துபோனது. மகன் ஹெஃபெய் நகரத்தில் கார் பழுது பார்க்கிறான். அவன்தான் எங்கள் தெருவில் சம்பந்தம் பேசி முடிக்கும் சீயிங் அக்காவுக்குப் போன் செய்து, அப்பாவுக்கு யாரையாவது பாருங்கள் என்று சொன்னான்.

அக்கா பார்த்தது மலைமேல் தேயிலை ஊரிலிருக்கும் யின்லானை. அவளும் கணவனை இழந்தவள். அதற்கு முன் வந்த இரண்டு பேரை வேண்டாம் என்று அனுப்பியிருந்தாள். இந்த முறை அவளே ஒன்று சொல்லியனுப்பினாள்: "வீட்டுல உக்கார வச்சு டீ குடுத்துப் பேசறதெல்லாம் வேணாம். ஒரு நாள் பூரா அவரோட ஊரைச் சுத்தறேன். சாயங்கால பஸ் கிளம்பறதுக்குள்ள சொல்லிடறேன். மறுபடி வரமாட்டேன்."

அதைக் கேட்டதிலிருந்து ஷூகன் தூங்கவில்லை என்பது அவர் கருக்கிய தோஃபுவிலேயே தெரிந்தது. அவருக்கு இந்த இடம் அமைய வேண்டுமே என்று எனக்கும் இருந்தது. ஆனால் துணைக்குப் போக வேண்டிய சீயிங் அக்காவுக்கு அன்று பார்த்துக் காய்ச்சல்.

"அவங்களுக்கு நடுவுல நான் எதுக்குக்கா, தனியா பேச விடாம எரிஞ்சுகிட்டிருக்கற பல்பு மாதிரி?" என்றேன்.

"பல்பு பேசாது. நீயும் பேசமாட்ட. அதான் உன்னை அனுப்பறேன்" என்றாள்.

அன்று என் கடையும் அவர் கடையும் மூடல். நான் அடுப்பே மூட்டவில்லை.

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய மாதம். தூறல் ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது. யின்லான் பேருந்திலிருந்து இறங்கினாள். பஞ்சு வைத்த ஆண்பிள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ். ஷூகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உயரமானவர்னு அக்கா சொன்னாங்க."

"அவங்க உக்காந்துக்கிட்டுப் பாத்திருப்பாங்க" என்றார் ஷூகன்.

அவள் சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டாள். விருந்தாளிக்கு வாய்வார்த்தைக்கு முன் கணப்பைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவர் கூடையை நீட்டினார், அவள் வாங்கிக் கோட்டின்மேல் அணைத்துக்கொண்டாள். நடந்தோம். நான் நாலடி பின்னால்.

"இது பாலம்" என்றார் ஷூகன்.

"தெரியுது."

"இது ஆறு."

"அதுவும் தெரியுது."

தெருமுகப்பில் நிற்கும் கல் வளைவைத் தாண்டுவதற்குள் அவர் கை பலமுறை அவள் கூடைக்குப் போய்விட்டது. குச்சியை விட்டுக் கிண்டுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"கூடை என்கிட்ட இருக்கா, உங்ககிட்ட இருக்கா?"

"உங்களுக்குக் குளிருமேன்னுதான்…"

பாவ் குலத்தார் முன்னோரை வணங்கும் கூடத்து வாசலில் அவள் சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "செத்துப்போச்சு" என்றாள்.

விருந்தாளி கையில் அணைந்த கணப்பு இருப்பது, வெறும் கிண்ணத்தை நீட்டிச் சாப்பிடச் சொன்ன மாதிரி. ஷூகனின் காது சிவந்தது. "கொஞ்சம் இருங்க, கங்கு வாங்கிடலாம்" என்று முதல் கதவைத் தட்டினார்.

அந்த வீட்டில் காஸ் அடுப்பு. அடுத்த வீட்டில் மின்சார ஹீட்டர். "கங்கா? நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க? உள்ள வந்து உக்காருங்க" என்றார்கள். பயணிகளுக்குப் பொம்மை விற்கும் கடையில் முயல் வடிவத்தில் ஒரு சூட்டுப் பை இருந்தது, பேட்டரி போட்டது. ஷூகன் அதைக் கையில் எடுத்துவிட்டார்.

"கணப்புச் சாம்பல்ல சுடற மாதிரி இதுல வேர்க்கடலை சுட முடியுமா?" என்று யின்லான் கடைக்காரப் பெண்ணைக் கேட்டாள்.

"முடியாதே."

"அப்ப வேணாம்."

சந்து சந்தாகப் போனோம். சில சந்துகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். சுவரெல்லாம் பாசி, கூரையிலிருந்து சொட்டு. ஒரு கதவின் மேல் கல்லில் செதுக்கிய மான் இருந்தது. மூக்கு இல்லை. யின்லான் நின்று பார்த்தாள்.

"இதோட மூக்கு எங்க?"

"தெரியல. இந்தச் சந்துக்கு நான் வந்ததே இல்ல."

"பொறந்த ஊருல?"

"தோஃபு திங்கறவங்க பாலத்துக்குத்தான வருவாங்க."

அவள் சத்தமாகச் சிரித்தாள். அதன்பிறகு அவர் எதையும் காட்ட முயலவில்லை. அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். நூடுல்ஸ் கடையில் தன் கிண்ணத்து இறைச்சித் துண்டுகளை அவள் கேட்காமலே அவர் கிண்ணத்தில் போட்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் அவள் அடிக்கடி மணி பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

மேற்குச் சந்தின் கோடியில் பாகு காயும் வாசனை. வாங் தச்சர் வீட்டில் புத்தாண்டுக்குப் பொரி மிட்டாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய விறகு அடுப்பு, அடியில் சிவக்கச் சிவக்கக் கங்கு.

"எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கோங்க" என்றார் தச்சர். "ஆனா கை குடுத்துட்டுப் போங்க. இறுகிப்போச்சுன்னா கோடாலி வச்சுத்தான் வெட்டணும்."

மதியம் அங்கேயே கழிந்தது. ஷூகன் மரச்சட்டத்தில் பொரியைக் கொட்டி உருளையால் அழுத்தினார். யின்லான் பாளத்தை வெட்டினாள். தேயிலை பறித்த கை, கத்தி தடதடவென்று ஓடியது. உடைந்த துண்டுகளைத் தின்றுகொண்டே நான் எள் தூவினேன்.

"உங்க வீட்டுக்காரரா?" என்று தச்சரின் மனைவி கேட்டாள்.

"சாயங்காலம்தான் தெரியும்" என்றாள் யின்லான், தலை நிமிராமல்.

உருளை நின்றுவிட்டது. "பாகு இறுகுது, அழுத்துங்க" என்று தச்சர் அதட்டினார்.

கூடை நிறையக் கங்கோடு நிறுத்தத்துக்கு ஓடித்தான் போனோம். கடைசிப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. யின்லான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஷூகனும் கேட்கவில்லை. அவள் கூடையோடு படியில் ஏறினாள்.

"நெருப்போட ஏறக்கூடாதும்மா" என்றார் ஓட்டுநர்.

"நாங்க எப்பவும் இதோடதான ஏறுவோம்."

"அது பழைய வண்டி. இது பேட்டரி வண்டி. கொட்டிட்டு வாங்க, இல்லன்னா அவர்கிட்ட குடுத்துட்டு வாங்க."

ஷூகன் கையை நீட்டினார். அவள் கூடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஊரு பூரா அலைஞ்சு வாங்கின கங்கு. கொட்டவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன்."

"ஏறுறீங்களா, இல்லையா?"

"இல்ல. நீங்க கிளம்புங்க" என்று இறங்கிவிட்டாள்.

கதவு மூடிக்கொண்டது. வண்டி மலைப்பக்கம் திரும்பியது.

"அதுதான் கடைசி பஸ்" என்றார் ஷூகன், மெதுவாக.

"தெரியும். பஸ் கிளம்பறதுக்குள்ள சொல்றேன்னேன். சொல்லிட்டேன்ல."

அவர் வண்டி போன திக்கைப் பார்த்தார், அவள் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். பிறகுதான் புரிந்து, தொப்பியைக் கழற்றினார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, உங்க வீட்டுல ஒரு கட்டில் இருக்குமா? கல்யாணத்தைப் பதிவு பண்ற வரைக்கும் இவர் வீட்டுப் படி ஏறமாட்டேன்."

"இருக்கு அக்கா" என்றேன். அன்று நான் வாய்விட்டுப் பேசியது அநேகமாக அதுதான்.

புத்தாண்டு முடிந்ததும் பதிவு செய்துகொண்டார்கள். இப்போது பாலத்தடிக் கடையில் ஷூகன் பொரிக்கிறார், யின்லான் விற்கிறாள். நாள் முழுக்க வாய்ச்சண்டை, வாடிக்கையாளர்கள் நின்று கேட்கிறார்கள். மலைமேல் இருக்கும் தேயிலைத் தோட்டத்தை அவள் விற்கவில்லை. வசந்தத்தில் இரண்டு பேரும் பறிக்கப் போய்விடுகிறார்கள், அந்த நாட்களில் தோஃபு கடை மூடியிருக்கும்.