பன்னிரண்டு கதவுகளும் ஒரு நிமிஷமும்

என் அக்காவுக்கு அவள் வேலை செய்யும் கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் ‘எங்கேகாட்டு’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான்: “எங்கே, காட்டு?” ஒரு சோப்பு நாற்பது சலவைக்கு வரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு சலவைக்கும் சுவரில் ஒரு கோடு போட்டு வந்தாள். முப்பத்தொன்றில் சோப்பு கரைந்ததும் அதன் காகித உறையோடு கடை வாசலில் போய் நின்றாள்.

அவள் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது. என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அவள் நின்றதால் நான் படிக்கப் போனேன். புள்ளியியலில் பட்டம் வாங்கி, அதே பொரிப்பகத்தில் பதிவேடு எழுத வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் கெஞ்சியிருக்கிறேன் என்பதை மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

மெஷின்களைக் கவனித்துக்கொண்டவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். முட்டைகளை அடைகாக்கும் மெஷின்கள் மொத்தம் பன்னிரண்டு. மாமா காலையில் வந்ததும் ஒவ்வொரு கதவிலும் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்வார். இருபத்தாறு வருஷப் பழக்கம். அக்கா அவரைச் சீண்டாத நாள் கிடையாது.

“என்ன மாமா, இன்னைக்கு சாமி லைன்ல கிடைச்சாரா?”

“கிடைச்சாரும்மா. உன்னைத்தான் விசாரிச்சார். அந்த வாயாடி இன்னும் அங்கதான் இருக்காளான்னு.”

அப்போதுதான் புது மேலாளர் வந்தார். சுத்தம் செய்வதற்காகப் பன்னிரண்டு மெஷின்களையும் பத்து நாள் நிறுத்திவைத்திருந்தோம். மறுபடி தொடங்கும் நாளில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “வெப்பமும் ஈரமும் சரியா இருந்தா முட்டை பொரியும். இந்தக் கதவு வேண்டுதல் இனிமே வேண்டாம்.”

மாமா கையுறையைக் கழற்றினார். “அந்த ஒரு நிமிஷம் இல்லாம எனக்கு இந்தக் கதவைத் திறக்கத் தெரியாது சார். வேற ஆளைப் பாத்துக்கோங்க.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். மேலாளருக்கு அவள் கைதட்டுவாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

“அதனால ஒண்ணும் இல்லைன்னு நீங்க எண்ணிப் பாத்தீங்களா சார்?”

“இதை எதுக்கும்மா எண்ணணும்?”

“எண்ணாம எப்படிச் சொல்றீங்க? மாமாவும் எண்ணல, நீங்களும் எண்ணல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

கையில் முட்டைத் தட்டோடு நின்றபடியே அவள் அடுக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். எல்லா முட்டையும் ஒரே பண்ணையிலிருந்து வந்தவை. நன்றாகக் கலந்து மெஷினுக்கு ஆயிரம் வைக்கலாம். சீட்டுக் குலுக்கி ஆறு மெஷினைத் தேர்ந்தெடுக்கலாம். மாமா அந்த ஆறில் மட்டும் வேண்டட்டும். அதுவும் அவள் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

“எது எதுன்னு எனக்குத் தெரியக் கூடாது. நான்தானே குஞ்சு எண்றவ? தெரிஞ்சா என் கை சாயும்.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டாம் வருஷம் முழுக்க நான் மனப்பாடம் செய்ததை இவள் நின்ற இடத்தில் யோசித்துச் சொல்கிறாள்! வித்தியாசம் இல்லையென்றால் வேண்டுதலை நிறுத்த வேண்டும் என்றார் மேலாளர். நிறுத்துவது என்றால் மாமா வேலையை விட்டுப் போவது என்று எல்லோருக்கும் தெரியும்.

“என் சாமி கணக்குக்குப் பயப்படாது,” என்று மாமா ஒப்புக்கொண்டார்.

சீட்டுக் குலுக்கியது நான். பட்டியலும் என்னிடமே இருந்தது. பொரிப்பகமே இரண்டு கட்சியானது. லாரி ஓட்டுநர் மேலாளர் கட்சி, முட்டை துடைக்கும் பெண்கள் மாமா கட்சி. அக்காவிடம் கேட்டால், “இருபத்தொரு நாள் பொறு,” என்று அடக்கிவிடுவாள். ஆனால் வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட வாயில் மெல்ல மெல்ல நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இருபத்தொன்றாம் நாள் காலை கதவுகளைத் திறந்தோம். கீச் கீச்சென்று அந்தக் கூடமே பறப்பது போல இருந்தது. ஈரம் காயாத மஞ்சள் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அக்கா பெட்டிக்கு நூறாக எண்ணினாள். கடைசிப் பெட்டி மூடியதும் நான் பட்டியலைப் பிரித்துக் கூட்டினேன்.

வேண்டிய ஆறில் 5,118. வேண்டாத ஆறில் 5,121.

“மூணு குஞ்சு!” என்று மேலாளர் சிரித்தார். மாமா கையுறையைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தார்.

நான் பட்டியலை அந்தக் கையுறைக்குப் பக்கத்தில் வைத்தேன். “சார், இது செல்லாது. வேண்டாத ஆறுலயும் வேண்டியிருக்கு. நான்தான்.”

நான்காம் நாள் வெப்பநிலை குறிக்கப் போனபோது அது நடந்தது. நான் எடுத்த சீட்டினால் ஆறாயிரம் முட்டைகள் விட்டுப்போயினவே என்று தோன்றியது. கை தானாகக் கதவுக்குப் போனது. அதற்குப் பிறகு தினமும் போனது. அது நம்பிக்கையா, இரக்கமா, வெறும் பயமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அடிப்பாவி! என் சோதனையவே கெடுத்துட்டியேடி!”

மாமா தயங்கித் தயங்கி இருமினார். “அவளைத் திட்டாதம்மா. நானும் வீட்டுல படுக்கும்போது பன்னெண்டுக்கும் சேர்த்தேதான் வேண்டினேன். ஆறை மட்டும் விட மனசு வரல.”

“சாமி கணக்குக்குப் பயப்படாதுன்னீங்க?”

“சாமி பயப்படாதும்மா. எனக்குத்தான் பயம்.”

அக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு முட்டைக் கூடையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மேலாளர் பக்கம் திரும்பினாள்.

“சார், வேண்டாத மெஷின்னு ஒண்ணுகூட இல்ல. எதை எதோட ஒப்பிட்டீங்க? எங்கே, காட்டுங்க.”

“அப்போ அறிக்கையில என்னதான் எழுதச் சொல்ற?”

“தெரியலன்னு எழுதுங்க. தெரியாத ஒண்ணுக்காக ஒரு ஆளை அனுப்ப முடியுமா?”

மேலாளர் பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. “கையுறையைப் போடுங்க மாமா, குஞ்சை ஏத்தணும்,” என்றார். அவர் வாயில் ‘மாமா’ வந்தது அன்றுதான். நான் அறிக்கையில் எழுதினேன்: ‘முடிவு தெரியவில்லை.’ மூன்று வருஷப் படிப்பில் அப்படி ஒரு விடையை நான் எழுதியதே இல்லை.

வீடு திரும்பும்போது அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் இருந்துகொண்டே வேண்டுபவரை எப்படித் தடுப்பது என்று அவளே கேட்டு, அவளே பதில் சொல்லி, அவளே அதை அடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். திடீரென்று திரும்பினாள்.

“ஏண்டி, பரீட்சைக்கும் வேண்டியிருப்பியே?”

“ம்.”

“எல்லாத்துக்குமா?”

“ஒண்ணுக்கு மறந்துட்டேன்.”

நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். அவள் கண் மின்னியது.

“அதுல எவ்வளவு மார்க்கு?”

“எழுபத்தாறு. மத்ததுலயும் அதைச் சுத்தித்தான்.”

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

“ஒண்ணு பத்தாதுடி,” என்றாள். “இன்னும் ரெண்டு மூணு மறந்திருக்கக் கூடாதா நீ?”