ஒன்பது மீட்டரில் திறக்காத காது

ஒரு பெண்ணின் இடது காதை நான் கெடுத்தேன். கெடுத்த பின் பழியையும் அவர் தலையிலேயே போட்டேன். இந்த இரண்டில் பின்னதுதான் பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன். முன்னதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று பல நாள் யோசித்தேன். அதுவும் உண்மையில்லை. எனக்குத் தெரிந்தே செய்தது.

எனக்கு எழுபத்தொரு வயதாகிறது. முப்பது வருடங்களுக்கு மேல் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்றதும் மூட்டு வலிக்காக நீந்தப் போனேன். அங்கே பழகியவர்கள் மூலம், மூச்சடக்கி ஆழம் இறங்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதுகில் காற்றுக் குடுவை இருக்காது. இழுத்த ஒரு மூச்சோடு, தொங்கவிட்ட கயிற்றை ஒட்டித் தலைகீழாக இறங்கி, மேலே வரவேண்டும். சில வருடங்களில் சான்றிதழ் வாங்கினேன். பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பேருக்குப் பாடம் எடுத்தேன். நீர்ப் பயிற்சி செந்தூலில், ஒரு மாணவர் குடியிருந்த கொண்டோ அடுக்குமாடியின் நீச்சல் குளத்தில் நடக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதில் மூச்சுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். பெரும்பாலோரைத் தடுப்பது காது. இறங்க இறங்கத் தண்ணீர் செவிப்பறையை உள்நோக்கி அழுத்தும். உள்ளேயிருந்து காற்றை அனுப்பி அதைச் சமன் செய்தாக வேண்டும். விமானத்தில் எல்லோரும் செய்வது போல, மூக்கைப் பிடித்துக்கொண்டு நெஞ்சிலிருந்து ஊதுவது ஒரு வழி. கொஞ்ச ஆழம் வரை அது போதும். பத்து மீட்டரை நெருங்கும்போது நுரையீரல் பாதியாகச் சுருங்கிவிடும். தலைகீழாக இருப்பதால் ஊதுவதற்குக் காற்று வாய்ப் பக்கம் வராது. முக்கி ஊதினால் உள்காதின் சவ்வு கிழியக்கூடும். இன்னொரு வழியில் தொண்டையை மூடிக்கொண்டு, வாய்க்குள் இருக்கும் கொஞ்சக் காற்றை நாக்கின் அடிப்பகுதியால் பம்பு போலக் காதுக்குத் தள்ளுவார்கள். வயிறு அசையாது. குரல்வளை மட்டும் துள்ளும். ஆழத்துக்கு அதுதான் சரி.

அது எனக்கு வரவே இல்லை. பிறவியிலேயே எனக்கு இளகிய காது. வெறுமனே ஊதியே பதினெட்டு மீட்டர் வரை போய்ச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். எப்படிச் சமன் செய்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பாடத்தில் நாக்கின் வழியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளைப் பலகையில் நாக்கு, அண்ணம், தொண்டை எல்லாம் வரைவேன். படம் நன்றாக வரும். அணுவைக் கண்ணால் காணாமலே அணுவைப் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. செய்பவர் தன் வயிற்றின் மேல் தன் கையை வைத்துக்கொள்ள வேண்டும். கை அசைந்தால் ஊதுகிறார் என்று அர்த்தம். எல்லோரையும் அப்படிச் சோதிப்பேன். ஒரு சனிக்கிழமை, பின்னால் காது போன அந்தப் பெண் கேட்டார்.

"சார், நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. உங்க கை எப்படி இருக்குன்னு பாக்குறோம்."

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார். சாலாக் செலாத்தானில் லோரி நிறுவனம் வைத்திருந்தவர் அவர். "சார் வயிறு அசையணும்னா பூகம்பம் வரணும் லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கிள்ளானில் அம்மாவோடு இருந்தார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். கூண்டில் நிற்பவர் முணுமுணுக்கும் தமிழைக் காதில் வாங்கி, அடுத்த நொடி மலாயில் சொல்ல வேண்டிய வேலை. அந்த வேலையில் அவருக்குப் பெருமை இருந்தது. பயந்துபோனவன் வார்த்தையைப் பாதியில் விழுங்கினாலும் தனக்குப் புரிந்துவிடும் என்பார். சனிக்கிழமை தவறாமல் கோமுட்டர் ரயிலில் வந்துவிடுவார்.

சான்றிதழ்த் தேர்வுக்காகக் கிழக்குக் கரைக்கு வேன் பிடித்து, அங்கிருந்து படகில் ஒரு தீவுக்குப் போனோம். மறுநாள் காலை அவர் மூன்று முறை இறங்கினார். மூன்று முறையும் ஒன்பது மீட்டரில் காது திறக்காமல் திரும்பி வந்தார். நான் மிதவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து தொங்கிய கயிற்றில் பன்னிரண்டு மீட்டரில் ஒரு பட்டை கட்டியிருந்தது. அதைத் தொட்டால் தேர்வு முடிந்தது.

"இன்னிக்கு வேணாம் சார். காது வரமாட்டேங்குது."

"பயந்தா காது திறக்காதும்மா. நல்லா அழுத்தி ஊதுங்க. இன்னும் மூனு மீட்டர்தான்."

ஊதுங்க என்று சொன்னேன். பலகையில் வரைந்த படமெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர் இறங்கிப் பட்டையைத் தொட்டார். மேலே வந்ததும் மிதவையைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தார். "சார், எல்லாம் சுத்துது. காதுக்குள்ள ஏதோ சில்வண்டு மாதிரி கத்துது," என்றார்.

அன்றே கிள்ளானுக்குக் கொண்டுவந்தோம். உள்காதில் கிழிசல், இடது பக்கம் கேட்கும் திறன் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். மருத்துவமனை நடையில் அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார் ஆச்சு? உங்கள நம்பித்தானே அனுப்புனேன்?"

அந்த இடத்தில்தான் சொன்னேன். "அவங்களுக்குச் சளி இருந்திருக்கும்மா. என்கிட்ட சொல்லாம இறங்கிட்டாங்க."

வேனில் ஏர்கோன் குளிரில் அவர் இரண்டு முறை தும்மியது எனக்கு ஞாபகம் இருந்தது. பொய்க்கு அந்த இரண்டு தும்மல் போதுமானதாக இருந்தது.

காது திரும்பவில்லை. சில மாதங்களில் அவர் தானே கேட்டு, கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு முறை போன் செய்து நலம் விசாரித்தேன். "என் தப்புதான் சார், உங்களுக்கும் கெட்ட பேரு," என்றார். நான் மறுக்கவில்லை. ஆறு வருடம் அப்படியே போயிற்று. பாடமும் நடத்திக்கொண்டுதான் இருந்தேன்.

போன வருடம், மதுரையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒருவர் ஞாயிறுகளில் இதே பயிற்சி கொடுப்பதாகக் கேட்டு, வேடிக்கை பார்க்கிற சாக்கில் போனேன். முப்பது வயது இருக்கும். ஒரு முறை காதைச் சமன் செய்யுங்கள் என்றவர், நான் மூக்கைப் பிடித்ததுமே உள்ளங்கையை என் வயிற்றில் வைத்துவிட்டார்.

"அங்கிள், நீங்க வயித்தால ஊதுறீங்க. பத்து மீட்டர் தாண்டுனா இது ஆகாது. காது கிழியாம இருந்தது உங்க அதிர்ஷ்டம். தயவுசெஞ்சு யாருக்கும் இப்படிச் சொல்லிக்குடுத்துராதீங்க."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காடியின் ஓட்டுநர் இருக்கையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"நேர்ல ஒன்னு சொல்லணும்மா."

"காது விஷயமா சார்?"

"ஆமா."

"வாங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு காலை போனேன். அம்மாதான் கதவைத் திறந்தார். "வாங்க சார். பசியாறிட்டீங்களா? இருங்க, தேத்தண்ணி கலக்குறேன்." உள்ளே திரும்பி மகளை ஏசினார். "சார் வந்திருக்காரு, கூப்புடுறது கேக்கலையா? எங்கேருந்து கேக்கும். சளியோட எறங்காதன்னா கேட்டாத்தானே." பிறகு என்னிடம், "உங்ககிட்டயே மறைச்சிருக்கா பாருங்க," என்றார். ஆறு வருடமாக அந்த வீட்டில் தினமும் இது நடந்திருக்கிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது.

மகள் வந்து எதிரே உட்கார்ந்தார். அம்மா அடுப்படிக்குப் போனதும் சொல்லத் தொடங்கினேன். நாக்கின் வழி எனக்குத் தெரியாது என்பதை, ஊதச் சொன்னதை, மருத்துவமனையில் சொன்ன பொய்யை. அவர் வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"அப்ப எனக்குச் சளி இல்ல."

"இல்லம்மா."

"நான் எத்தனையோ தடவ யோசிச்சிருக்கேன் சார், அன்னிக்கு மூக்கு அடைச்சிருந்துச்சா இல்லையான்னு. யோசிச்சு யோசிச்சு, அடைச்சிருந்துச்சுன்னே நம்பிட்டேன்." தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு உரக்கக் கூப்பிட்டார். "அம்மா, இங்க வாங்க. சார் உங்ககிட்டயும் சொல்லணும்."

அம்மா தட்டில் கண்ணாடிக் குவளைகளோடு வந்து நின்றார். நான் தொடங்கினேன். "அன்னிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சும்மா..."

"யாரு செஞ்சாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க சார்," என்றார் மகள். அது நீதிமன்றத்தில் இருந்து வந்த குரல்.

சொன்னேன். அம்மா தட்டை மேசையில் வைத்தார். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார். அவர் மகளைப் பார்த்து, "உன்ன எவ்ளோ ஏசிட்டேன்டி," என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மகளுடைய அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். "அதுல காது வருமா சார்? உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க. வேற ஒன்னும் வேணாம்," என்றார்.

மாணவர்களாக இருந்த அத்தனை பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். லோரிக்காரர், "அப்ப நீங்க குடுத்த சர்ட்டிபிகேட்ட நாசி லெமாக் பொட்டலம் மடிக்க வெச்சுக்கட்டுமா சார்?" என்று கேட்டு, அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. ஒருவர் நான் தைரியசாலி என்றார். அதைக் கேட்கத்தான் பிடிக்கவில்லை. சுங்கை பூலோவில் இருக்கும் ஒருவர், தனக்கும் ஒரு காது வெகு நாளாக இரைகிறது என்றார். அவரை நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். பாடம் நடத்துவதை விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டார்.

"அம்மா உங்கள அடுத்த ஞாயிறு சாப்பிடக் கூப்பிடச் சொன்னாங்க. வயசானவரு, வீடு தேடி வந்து ஒத்துக்கிட்டாருன்னு மனசு எளகிட்டாங்க."

"சரிம்மா."

"நீங்க வராதீங்க சார்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவங்க மன்னிச்சது அவங்க இஷ்டம். நான் இன்னும் அந்த எடத்துக்கு வரல. உங்களுக்கு வேற வேலை இருக்குன்னெல்லாம் சொல்லமாட்டேன். நான்தான் வேணாம்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடுவேன்." வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அம்மா இப்ப ஏசுறதில்ல சார். ஒரு வார்த்த இல்ல. அத மட்டும் உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு," என்றார்.

அந்த ஞாயிறு நான் வீட்டில்தான் இருந்தேன்.